பல்லுக்குக் கம்பி கட்டினால் எச்சில் ஊறுவது ஏன்?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்களைக் கண்டதும் மரக்காணம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். கோடையில் அந்த உப்பளங்களில் வேலை செய்பவர்களுக்கு வியர்வை கொட்டும். வாய் உலர்ந்து போகும். உடம்பில் நீர் குறைந்தால் எச்சிலும் குறையும். வெயிலில் ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கும் அப்படியே. அந்தப் பிள்ளை பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தால், இன்னும் கவனம் வேண்டும்.

பல்லுக்குக் காவல்

எச்சிலை நாம் அருவருப்பாக நினைக்கிறோம். ஆனால் அதுதான் பல்லுக்குக் காவல். காதுக்கு முன்னாலும், தாடைக்குக் கீழும், நாக்கின் அடியிலும் மூன்று ஜோடிச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. பல்லில் ஒட்டிய உணவை அது கழுவுகிறது. இனிப்பைத் தின்று கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தை முறிக்கிறது. பல் இழந்த சுண்ணாம்புச் சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது.

வாய் ஏமாறுகிறது!

கம்பி கட்டியதும், ஏதோ உணவு வந்திருக்கிறது என்று வாய் ஏமாந்து எச்சிலைச் சுரக்கிறது. பேசும்போது தெறிக்கும். தூங்கும்போது தலையணை நனையும். பயப்பட வேண்டாம். வாய் பழகியதும் அடங்கிவிடும்.

எச்சில் அதிகம் ஊறினால் பல்லுக்கு நல்லதுதானே? அதுதான் இல்லை. கம்பியின் இடுக்கில் சோறும் மிட்டாயும் சிக்கிக்கொள்கின்றன. அங்கே எச்சில் புகுந்து கழுவ முடிவதில்லை. அமிலம் தங்கிப் பல்லை அரிக்கிறது. சரியாகத் துலக்காவிட்டால் ஒரு மாதத்திலேயே வெள்ளைத் தழும்பு விழலாம். கம்பியைக் கழற்றும்போது பல் வரிசை அழகாக இருக்கும். தழும்பும் கூடவே இருக்கும்!

செய்ய வேண்டியது

பிள்ளை அடிக்கடி தண்ணீர் குடிக்கட்டும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கட்டும். காலையிலும் இரவிலும் ஃபுளூரைடு கலந்த பற்பசையால் கம்பியின் மேலும் கீழும் துலக்கட்டும். ஒட்டும் மிட்டாயும் கலர் சோடாவும் வேண்டாம்.

கம்பி உரசிக் கன்னம் புண்ணானால், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளிக்கலாம். ஆனால் கல் உப்பால் பல் தேய்க்காதீர்கள், பல் தேய்ந்துவிடும். புண் ஆறாவிட்டாலோ, கம்பி குத்தினாலோ, கட்டிய மருத்துவரிடமே காட்டுங்கள்.