ஒரே நாட்டம், ஒரே விடுதி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விடுதிக்கு விண்ணப்பிக்கும்போதே இசை, மொழி, சுற்றுச்சூழல் என ஒன்றைத் தேர்ந்து, அதே நாட்டமுள்ளவர்களோடு ஒரே மாடியில் தங்கலாம். ஒரு நோக்கோடு கூடி வாழும் விடுதி நம் மட்டக்களப்பு வாவிக்கரைக்குப் புதிதல்ல. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அவர் துறவியாக இருந்த இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லங்களில் படிப்போடு பிரார்த்தனையும் பஜனையும் உண்டு. சேர்பவர் அந்த ஒழுங்கையும் ஏற்றே சேர்கிறார்.

வெளிநாடு சென்று படிக்கவிருக்கும் தம்பி தங்கைமாரே, விடுதியின் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்துவிடாதீர்கள். வாரத்தில் எத்தனை கூட்டம், போகாவிட்டால் என்ன, பரீட்சைக்கு முதல்நாள் இரவும் பக்கத்து அறையில் வாத்தியம் ஒலிக்குமா என்று அங்கு இருக்கும் அக்கா அண்ணாமாரிடம் கேளுங்கள். இசை விடுதியில் சேர இசையே பாடமாக இருக்கவேண்டியதில்லை; பெரும்பாலும் ஆர்வமே போதும்.