அடிபட்டால் மீண்டும் முதலிலிருந்து: இரும்பு வீரர் விளையாட்டுகள்



பிள்ளைகள் கணினியிலும் கைப்பேசியிலும் ஆடுகின்ற ஆட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், பெற்றோர் பலர் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "ஒரு மணி நேரமாக அந்தப் பெரிய இரும்பு மனிதனை ஓட்டிக்கொண்டு சண்டை போடுகிறான், வாத்தியாரே. கையை மாற்றுகிறான், காலை மாற்றுகிறான், துப்பாக்கி சேர்க்கிறான். பிறகு ஓர் அடி விழுகிறது, எல்லாம் போய்விடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறான். இதில் அப்படி என்னதான் இருக்கிறது?"

கேள்வி நியாயமானது. விடை தெரியாமல் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதால் பிள்ளைக்கும் நமக்கும் மனத்தாங்கல்தான் மிஞ்சும். ஆகவே இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது, இதில் பெற்றோர் கவனிக்கவேண்டியது எது என்பதை இன்று பார்ப்போம்.

இந்த விளையாட்டுகளுக்கு இரண்டு தாய்வீடுகள் உண்டு. ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம், மற்றொன்று ஜப்பானியப் படக்கதை. முதலில் அமெரிக்காவுக்குப் போவோம்.

1980-ஆம் ஆண்டு வாக்கில் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் 'ரோக்' என்றொரு விளையாட்டை உருவாக்கினார்கள். ரோக் என்றால் போக்கிரி என்று பொருள். பின்னர் கென் ஆர்னால்டு என்பவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். அந்நாளில் பல்கலைக்கழகக் கணினித் திரையில் படம் கிடையாது. எழுத்துகள் மட்டுமே தெரியும். ஆகவே வீரனுக்கு ஒரு குறி, பூதங்களுக்கு ஆங்கில எழுத்துகள், சுவருக்குக் கோடுகள் என்று வைத்துக்கொண்டார்கள். பாதாளச் சுரங்கத்தில் இறங்கி, ஒரு தாயத்தை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வரவேண்டும். கதை இவ்வளவுதான்.

புதுமை கதையில் இல்லை, இரண்டு விதிகளில் இருந்தது. சுரங்கம் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக அமையும் என்பது முதல் விதி. இறந்தால் இறந்ததுதான், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது என்பது இரண்டாம் விதி.

நம் வீட்டுப் பரமபதத்தை நினைத்துப் பாருங்கள். பாம்பும் ஏணியும் என்றும் ஒரே கட்டத்தில் இருக்கும்; தாயக்கட்டை மட்டுமே மாறும். பாம்பு கடித்தால் சில கட்டங்கள் கீழே இறங்குவோம், அவ்வளவுதான். ரோக் விளையாட்டிலோ ஒவ்வொரு முறை பலகையை விரிக்கும்போதும் பாம்புகளும் ஏணிகளும் இடம் மாறியிருக்கும். எந்தப் பாம்பு கடித்தாலும் முதல் கட்டத்துக்கே போகவேண்டும்.

இடத்தைக் கணினி எப்படிப் புதிதாக அமைக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு கிறுக்குவதில்லை. திரையை மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என ஒன்பது கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் அறை. அது எவ்வளவு பெரியது, எந்த மூலையில் இருப்பது என்பதைப் பகடை போட்டு முடிவு செய்வதுபோல் எண்களை எடுத்து முடிவு செய்கிறது. பிறகு எல்லா அறைகளுக்கும் போய்வர வழி இருக்கும்படி பாதைகளை இணைக்கிறது. புள்ளி வைப்பது ஒழுங்காக, இழை இழுப்பது விருப்பம்போல். கோலம் போடுகிற தாய்மார்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. வழியில் கிடக்கும் மருந்துக் குப்பிகளின் நிறம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். இன்று நீல மருந்து காயத்தை ஆற்றும். நாளை அதே நீலம் கண்ணைக் குருடாக்கலாம். குடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகையால் பாதையை மனப்பாடம் செய்து ஒருவராலும் வெல்ல முடியாது. ஆட்டத்தை உருவாக்கியவர்களுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவர்கள் விரும்பியதும் அதைத்தான்; தாங்கள் எழுதிய விளையாட்டைத் தாங்களே வியப்போடு ஆடவேண்டும் என்று நினைத்தார்கள்.

இப்போது முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. எல்லாம் போய்விடுகிறது என்கிறோம். போவது ஆயுதமும் வழியும்தான். எந்தப் பூதத்தை எதிர்க்கலாம், எதைக் கண்டால் ஓடவேண்டும் என்று ஆடுபவன் தெரிந்துகொண்டது போவதில்லை. பத்தாவது முறை தொடங்குகிறவன் முதல் முறை தொடங்கியவன் அல்லன்.

1983-இல் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்ட ஒரு கணினி இயக்கத் தொகுதியோடு சேர்ந்து ரோக் பல நாடுகளுக்குப் பரவிற்று. அதைப் பார்த்துப் பலர் பலவிதமாகச் செய்தார்கள். ஆயினும் நெடுங்காலம் இவை பொறுமையாக யோசித்து ஒவ்வோர் அடியாக எடுத்துவைக்கும் ஆட்டங்களாகவே இருந்தன. 2008-இல் டெரெக் யூ என்பவர் 'ஸ்பெலங்கி' என்ற விளையாட்டில், ஓடுவது, தாவுவது, அடிப்பது என்னும் வேகத்தோடு இவ்விரண்டு விதிகளையும் கலந்தார். இன்று பிள்ளைகள் ஆடும் வேகமான ரோக் வகை ஆட்டங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவை.

இனி ஜப்பான். அங்கே 1956-இல் மிட்சுடெரு யோகோயாமா என்பவர் 'டெட்சுஜின் 28' என்ற படக்கதையைத் தொடங்கினார். போருக்காகச் செய்யப்பட்ட ஓர் இரும்பு மனிதன், அவனை இயக்கும் கருவி ஒரு சிறுவன் கையில். கருவி யார் கைக்குப் போகிறதோ அவன் சொன்னபடி இரும்பு மனிதன் கேட்பான். நல்லவனா கெட்டவனா என்று பார்க்கமாட்டான். போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்த நாட்டில் எழுந்த கதை அது.

1972-இல் கோ நாகாய் 'மாசிங்கர் ஸீ' என்ற கதையில் வீரனை இரும்பு மனிதனின் தலைக்குள்ளேயே உட்காரவைத்தார். வாகன நெரிசலில் சிக்கிக்கொண்டபோது, கார் எழுந்து நின்று மற்றக் கார்களைத் தாண்டி நடந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியதாம். 1979-இல் வந்த 'கண்டம்' தொடர் அதையும் மாற்றிற்று. அதில் இரும்பு மனிதன் தெய்வப்பிறவி அல்ல. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்படும் போர் இயந்திரம், உடையும், எண்ணெய் கேட்கும், பழுதுபார்க்க ஆள் வேண்டும். (அதே 1979-இல் பிலிப்பீன்ஸ் நாட்டில் 'வோல்டெஸ் ஐந்து' என்ற இரும்பு மனிதன் தொடரை அதிபர் மார்க்கோஸ் தடை செய்தார். முடிவுப் பகுதிகளைப் பார்க்கமுடியாமல் பிள்ளைகள் தவித்தார்கள்.)

பகுதிகளைக் கழற்றி மாட்டும் ஆசை விளையாட்டுக்குள் நன்றாக வந்தது அமெரிக்காவில் 1984-இல் வெளியான 'பேட்டில்டெக்' என்ற பலகை ஆட்டத்தில். அதில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் எடை வரம்பு உண்டு. சுட்டால் சூடேறும், சூட்டைத் தணிக்கும் பகுதி வைத்தால் துப்பாக்கிக்கு இடம் குறையும்.

இதை ஒரு கணக்காகவே சொல்லலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. கால் தாங்கும் எடை 60 என்போம். உடலும் தலையும் 25. மீதி 35. பெரிய பீரங்கி 20, கவசம் 15 என்று வைத்தால் வரம்பு முடிந்தது. இயந்திரம் வலுவாக இருக்கும், ஆனால் ஆமைபோல் நகரும். கவசத்தைப் 5 ஆக்கி, 10 எடையுள்ள உந்து பொறியை வைத்தால் பறக்கும். ஆனால் இரண்டு அடியில் விழும். எல்லாம் வேண்டும் என்றால் முடியாது. செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் எவ்வளவு ஏற்றலாம், ஏற்றினால் மேட்டில் ஏறுமா என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பிள்ளை கையையும் காலையும் மாற்றிக்கொண்டிருக்கும்போது செய்வது இந்தக் கணக்கைத்தான்.

1997-இல் ஜப்பானில் ஃப்ரம் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 'ஆர்மர்ட் கோர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. தலை, உடல், கை, கால், மின்னாக்கி எல்லாவற்றையும் தனித்தனியாக விலைக்கு வாங்கிப் பொருத்தலாம். இரண்டு கால், நான்கு கால், பின்புறம் மடங்கும் கால், பீரங்கி வண்டியின் சக்கரப் பட்டை என்று கால்களிலேயே பல வகை. ஆனால் இந்த விளையாட்டில் நான் நின்று யோசித்த இடம் வேறு. ஆடுபவன் கூலிக்குப் போர் செய்கிறவன். வேலை முடிந்ததும் கூலி வரும். உடனே சுட்ட குண்டுக்கு விலை, உடைந்த இயந்திரத்துக்குப் பழுதுச் செலவு எல்லாம் அதில் கழிக்கப்படும். வேலையை முடித்துவிட்டும் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம், கடனும் ஏறலாம். கடன் 50,000-ஐத் தாண்டினால், அவனைக் கொண்டுபோய் உடலில் அறுவைச் சோதனை செய்து, மறுபடியும் முதலிலிருந்து வேலைக்கு அனுப்புகிறார்கள்.

1938-இல் கங்காணி ஆள்சேர்ப்பு நின்றுபோனது. அதற்கு முன்பு முன்பணக் கடனோடு கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கூலியும் பிடித்தமும் கடனும் என்ற கணக்கு நமக்குக் கதையல்ல. இந்த விளையாட்டை ஆடும் பிள்ளையிடம் அதைப்பற்றிப் பேசலாம். "உன் வீரன் கூலியில் எவ்வளவு பிடித்தார்கள்?" என்று கேளுங்கள், பிறகு தாத்தாவின் பிரட்டுக்களக் கதையைச் சொல்லுங்கள். பாடநூலில் சொல்லிப் புரியாதது அப்போது புரியக்கூடும்.

இரண்டு ஆறுகளும் கலந்த இடத்துக்கு வருவோம். 2015-இல் வந்த 'கேலக் ஸீ' வேகமான ஆட்டம். பழைய ஜப்பானியத் தொடர்களின் சாயலில், விண்கலம் ஒன்று வாளும் கேடயமும் ஏந்திய இரும்பு மனிதனாக மாறும். கிடைத்த பகுதிகளை வைத்துத் துப்பாக்கியை மாற்றிக்கொள்ளலாம். பயணங்கள் ஐந்து ஐந்தாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இடையில் இறந்தால் அந்த ஐந்தின் தொடக்கத்துக்குப் போகவேண்டும்.

2018-இல் வந்த 'இன்டு த பிரீச்' வேகமானதல்ல, சதுரங்கம் போன்றது. எட்டுக்கு எட்டுக் கட்டம், மூன்று இரும்பு வீரர்கள், பூமிக்குள்ளிருந்து வரும் பெரும்பூச்சிகள். பூச்சி அடுத்து எங்கே அடிக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். பூச்சியைக் கொல்வதைவிட மக்கள் குடியிருக்கும் கட்டடங்களைக் காப்பது முக்கியம். அதற்காகச் சில வேளைகளில் தன் வீரனையே அடிக்கு முன்னால் நிறுத்தவேண்டி வரும். தோற்றால் எல்லாம் அழியும். ஓர் ஓட்டி மட்டும் தான் கற்ற திறனோடு அடுத்த ஆட்டத்துக்குத் தப்பிப் போகலாம். இவ்வகையில் பிள்ளைக்கு எதைத் தருவது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். இதை ஆடினால் கணிதம் வரும், தேர்வில் மதிப்பெண் கூடும் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லி விற்பவர்களையும் நம்பவேண்டாம்.

இனிப் பணத்தைப் பற்றி. ரோக் வகையிலும் பகடை உண்டு என்றேன். அந்தப் பகடைக்குப் பிள்ளை காசு கொடுப்பதில்லை. ஆட்டத்தை ஒருமுறை வாங்கினால் பெரும்பாலும் அத்தோடு சரி. ஆனால் இலவசம் என்று சொல்லிக் கைப்பேசிக்குள் வரும் இரும்பு வீரர் ஆட்டங்கள் சிலவற்றில் வேறொரு பகடை இருக்கிறது. வெள்ளியைக் கட்டினால் ஒரு மூடிய பெட்டி திறக்கும். உள்ளே நல்ல கை வருமா, உதவாத கால் வருமா என்பது அதிர்ஷ்டம். நம்பர் எடுப்பதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் இப்படிப்பட்ட பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே கூறியது. ஆகவே சண்டைக் காட்சியைப் பார்த்து அஞ்சுவதைவிட, அந்த ஆட்டத்தில் கடைப் பக்கம் இருக்கிறதா, அதில் நம் வங்கி அட்டையோ கைப்பேசிக் கட்டணமோ இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நேரமும் ஒரு கவலைதான். உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைநிலையை 2019-இல் நோய்ப் பட்டியலில் ஏற்றது. அதிகமாக ஆடும் எல்லாப் பிள்ளைகளும் நோயாளிகள் என்று அதற்குப் பொருளில்லை. கட்டுப்பாடு இழந்து, படிப்பும் உறவும் கெட்டபின்னும் விடமுடியாமல், பொதுவாக ஓராண்டுக் காலம் நீடித்தால்தான் அந்தப் பெயர்.

"அம்மா, இப்போது நிறுத்தினால் எல்லாம் போய்விடும்" என்று பிள்ளை சொல்வதுண்டு. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் ஆட்டமானால் அது உண்மையாக இருக்கலாம். தனியாக ஆடும் ரோக் வகையில் பெரும்பாலும் அப்படியில்லை. 1980-இல் செய்த அந்த முதல் ஆட்டத்திலேயே பாதியில் சேமித்துவிட்டு எழுந்து போகும் வசதி இருந்தது. திரும்பி வந்து திறந்தவுடன் சேமித்த பதிவு அழிந்துவிடும், அவ்வளவுதான். ஒருவரும் பழைய இடத்துக்குத் திரும்பி ஏமாற்றக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே சோறு ஆறுவதற்குள் சேமித்துவிட்டு வரச் சொல்லுங்கள். இரும்பு வீரன் அங்கேயே நிற்பான்.