ஆக்சிஜன் கருவி திடீரென நின்றால்

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியைச் சார்ந்து வாழும் ஒருவர் அண்மையில் நள்ளிரவில் மூச்சுத்திணறலுடன் கொண்டுவரப்பட்டார். கருவியில் பழுதில்லை, பிளக் பாயிண்ட்டின் உள்ளே கம்பி தளர்ந்திருந்தது. தளர்ந்த இணைப்பு சூடேறும், மின்சாரம் விட்டுவிட்டு வரும், தீயும் பிடிக்கலாம். பிளக் சூடாக இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, அந்தப் பாயிண்ட்டை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

மின்கசிவைத் தடுக்கும் டிரிப் சுவிட்ச் இறங்கினால், முதலில் நோயாளியைச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். பின்னர் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டுச் சுவிட்சை ஒருமுறை ஏற்றுங்கள். அது நிலைத்தால், கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதனால் இறங்குகிறதோ அதை ஒதுக்கி வையுங்கள். எதுவும் செருகாதபோதே இறங்கினால், பழுது பெரும்பாலும் வீட்டு வயரிங்கில் இருக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்; சுவரிலுள்ள பாயிண்ட்டை நீங்களே திறக்க வேண்டாம்.

வீடுகளில் பொருத்தப்படும் இச்சுவிட்ச் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்து உயிர்காக்கும். தொல்லை எனக் கருதி அதை அகற்றுவது, வெப்பமானியை எறிந்துவிட்டுக் காய்ச்சல் நீங்கியதாக எண்ணுவதற்கு ஒப்பாகும்.

மாற்றுச் சிலிண்டரின் அழுத்தமானியை வாரந்தோறும் பாருங்கள். அது காலி என்பதை இருட்டில் அறிய நேரக்கூடாது.