நூல்கண்டுக்கு ஒரு மூடி

சென்னைப் புறநகரில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டுக்குக் குடிபோகிறவர்களிடம் சொந்தக்காரர்கள் தவறாமல் கேட்பது, “இருக்கிற இடத்துல பூனை வேறயா?” கேள்வி நியாயமாகத் தெரிந்தாலும் கணக்கு தப்பு. நாம் வீட்டைத் தரையால் அளக்கிறோம். 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டமும் வெளிச்சுவர், பால்கனி எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கார்ப்பெட் ஏரியாவைத்தான் சொல்லச் சொல்கிறது. பூனைக்குத் தரை பாதி வீடுதான். பீரோவின் தலை, லாஃப்ட், ஜன்னல் திண்டு, ஃபிரிட்ஜுக்கு மேலே மிஞ்சும் ஒரு முழ இடம் என்று உயரத்தில் கிடைப்பதெல்லாம் மீதிப் பாதி. இரண்டு பூனைகள் இருந்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பெரும்பாலும் தாங்களாகவே பங்கு பிரித்துக்கொள்ளும். லாஃப்ட் முழுக்கக் காலி அட்டைப்பெட்டிகளை அடைக்காமல் ஒரு மூலையை அவற்றுக்கு விட்டால் 400 சதுர அடியே தாராளம். பூனை என்றால் வெளியே திரிய வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. நாலாவது மாடியில் அந்தப் பேச்சுக்கு வேலையில்லை. பால்கனிக்குப் புறா வலை அடிக்கும்போது தொய்வில்லாமல் இழுத்துக் கட்டச் சொன்னால் புண்ணியம்.

குடியேறுவதும் பெரிய வித்தையல்ல. பால் காய்ச்சும் நாளின் ஹோமப் புகையிலும் கும்பலிலும் பூனைக்கு இடமில்லை. எல்லாரும் கிளம்பி, பெயின்ட் வாடை அடங்கிய பிறகு, பழைய வீட்டின் துவைக்காத போர்வையோடும் மணல் தட்டோடும் ஒரே அறையில் சில நாள் விட்டால், கதவு நிலையில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி அந்த இடத்தை அதுவே சொந்தமாக்கிக்கொள்ளும். புது வீடு மணக்க வேண்டுமென்று பினாயிலை ஊற்றித் துடைப்பதை மட்டும் நிறுத்த வேண்டும். ஃபீனால் வகைப் பொருள்களைக் கழித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அது தரையில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும்.

பூனையும் சிறிய ஃபிளாட்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாதது உல்லன் நூல். வெயில் ஊரில் யார் பின்னப்போகிறார்கள் என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2016 ஜனவரியில் சென்னையில் ஒரு பெண்கள் குழு விரித்துக் காட்டி கின்னஸில் ஏறிய குரோஷா போர்வையின் பரப்பு 11,148 சதுர மீட்டர். கைவேலைக்கு இங்கே ஆளில்லாமல் இல்லை. அதற்கென்று தனி அறை உள்ள வீடுதான் இல்லை. பெரிய வீட்டில் கதவைச் சாத்திவிட்டு எழுந்து போகலாம். சிறிய ஃபிளாட்டில் பின்னுகிற இடமும் டிவி பார்க்கிற இடமும் பூனை தூங்குகிற இடமும் ஒரே சோபா. குக்கர் விசில் கேட்டு எழுந்தால் ஊசி, நூல், பாதி பின்னிய துணி எல்லாம் அங்கேயே கிடக்கும், பூனையும் அங்கேயே கிடக்கும்.

பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அவ்வளவும் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்த சிறு முட்கள். மயிரைக் கோதவும் எலும்பிலிருந்து கறியைச் சுரண்டவும் உதவுகிற அதே முள், நூல் நுனி மாட்டினால் அதைத் துப்பவிடாது. விழுங்கத்தான் முடியும். நூலின் நடுப்பகுதி நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ள, மீதி வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் போகிறது. குடல் வழக்கம்போல அதைக் கீழே தள்ளப் பார்க்கிறது. மேல் முனை பிடித்துக்கொண்டிருப்பதால் நூல் நகராது, குடல்தான் அதன்மேல் ஏறுகிறது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடல் சுருங்கி மடிகிறது. இறுகிய நூல் அதன் உட்சுவரை அறுக்கத் தொடங்குகிறது. வெளியே தெரிவதெல்லாம் வாந்தி, சாப்பாட்டைத் தொடாமை, கட்டிலுக்கு அடியில் பதுங்கல். மயிர் உருண்டை கக்குகிறது என்று வீட்டார் இரண்டு நாள் காத்திருப்பார்கள். எக்ஸ்ரேயில் ஊசி பளிச்சென்று தெரியும். வெறும் நூல் தெரியாது, குடல் மடிந்திருக்கும் விதத்தை வைத்தே டாக்டர் ஊகிக்க வேண்டும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தொங்கினால் கை தானாக இழுக்கப் போகும். இழுக்கவே கூடாது, உள்ளே அறுபடும்.

இதெல்லாம் மிகை, கிராமத்து வீட்டுப் பூனை கயிற்றோடும் நூலோடும்தானே வளர்ந்தது என்பார்கள். வளர்ந்தது, சில திரும்பி வரவில்லை. நோய் கண்ட பூனை ஒதுங்கிப் போய்ச் சாகும் பிராணி. வைக்கோல் போருக்குப் பின்னால் செத்ததை அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதியவர் யார்? பத்து வருஷமாக எங்கள் பூனை நூலோடு விளையாடுகிறது என்பவரை நம்புகிறேன். அந்தப் பத்து வருஷமும் ஆள் பக்கத்தில் இருந்து விளையாடியதா என்றுதான் கேட்க வேண்டும். குச்சியில் கட்டிய நூலை ஆட்டி விளையாட்டுக் காட்டிவிட்டு எடுத்து வைப்பது வேறு, சோபாவில் விட்டுவிட்டு அலுவலகம் போவது வேறு. இன்னொரு பேச்சு, உல்லன் நூலை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்பது. ஒப்புக்கொள்ளலாம், பூத் தொடுக்கும் நூலும் அதே வேலையைச் செய்யும். பிரியாணிப் பொட்டலத்தில் கட்டிய நூல் இன்னும் மோசம், மசாலா வாசனையோடு வருகிறது. ஆனால் பூநூலும் பொட்டல நூலும் குப்பைக்குப் போகிறவை. பின்னுபவர் வீட்டில் நூல் எப்போதும் இருக்கும், மீட்டர் கணக்கில், அதுவும் எட்டும் உயரத்தில்.

ஆகவே பின்னலை விடவும் வேண்டாம், பூனையைக் கைவிடவும் வேண்டாம். ஆணியில் தொங்கும் துணிப்பை போதாது. நகம் போட்டு இறக்கிவிடும். முறுக்கு போட்டு வைக்கிற மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் ஒன்றை நூலுக்கு ஒதுக்கலாம். உள்ளே அந்துருண்டை போட வேண்டாம், நாஃப்தலின் பூனைக்கு விஷம். நம் கடைகளில் உல்லன் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். அதை அந்து அரிக்காது. வேலை முடிந்து நூல் வால்களை உட்புறம் கோத்து நறுக்கும்போது விழும் துண்டுகளை அன்றன்றே பெருக்கிவிட வேண்டும். நீளமான ஸ்வெட்டர் ஊசி சம்படத்தில் அடங்காதே என்றால் கேபிள் வைத்த வட்ட ஊசிக்கு மாறிக்கொள்ளலாம். சுருட்டினால் உள்ளங்கை அளவுதான். சிறிய சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் விலாவிலும் இடிக்காது.