மரக்காணம் உப்பைக் காந்தம் இழுக்குமா?

மரக்காணம் கடற்கரை மணலில் காந்தத்தால் துழாவினால் இரும்புச்சத்துள்ள கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அதே காந்தத்தை உப்பளத்துக் குவியலில் காட்டினால் ஒன்றும் நடக்காது. ஆனால் உப்புக்கும் காந்தத்துக்கும் உறவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. உண்மையில் உப்பு காந்தத்திலிருந்து விலகுகிறது, மிக மிக மெல்ல.

இதை எப்படி அளப்பது? 1889-ல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூய் சொன்ன வழி எளிமையானது. கண்ணாடிக் குழாயில் உப்புத்தூளை இறுக்கி நிரப்பி, நுண்தராசில் தொங்கவிட வேண்டும். குழாயின் அடிமுனை வலுவான மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் உப்பு மேல்நோக்கித் தள்ளப்படும். தராசில் எடை குறையும். 1 டெஸ்லா புலத்தில், 1 சதுர செ.மீ. குறுக்குவெட்டுள்ள குழாய்க்கு அந்தக் குறைவு சில பத்து மில்லிகிராம்தான். கண்ணாடியும் விலகும் பொருளே என்பதால், வெறுங்குழாயை முதலில் நிறுத்துக் கழிக்க வேண்டும்.

படிகத்தின் காந்தப்பண்பு திசைக்குத் திசை மாறுமா? இதை அளந்து காட்டியவர் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் இழை முறுகும் அளவை வைத்தே கணக்கிட்டார். இயற்பியலாளர் சி.வி. ராமனின் ‘ராமன் விளைவு’ கண்டுபிடிப்பில் துணைநின்றவராக மட்டும் அவரை நினைப்பது நியாயமல்ல. கனசதுர அமைப்புள்ள உப்புப் படிகம் எத்திசையிலும் ஒரே மாதிரி. அது இழையை முறுக்காது.

இன்னும் நுண்ணிய அளவீட்டுக்கு இன்று ஸ்குவிட் (SQUID) என்ற மீக்கடத்திக் காந்தமானி உண்டு. மரக்காணத்துக்கு வடக்கே, கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்குவிட் உணரிகளை உருவாக்கியிருக்கிறார்கள்.