கோடு போட்டாலும் ஒரே பேச்சு

களியக்காவிளையில் டீ குடித்துவிட்டு பாறசாலை பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், கடைப் பலகைகளின் எழுத்து தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறிவிடும். மாறாதது பேச்சு. மரச்சீனிக்கு விலை பேசுகிறவர் எந்த மாநிலத்துக்காரர் என்று அவர் வாயை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

1956 நவம்பர் 1 வரை இங்கே கோடே கிடையாது. இரு பக்கமும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் உரிமை கோரிய தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. ஆனால் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகியவை சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. மொழியை வைத்துப் போட்ட கோடு, இரண்டு மொழியும் பேசுகிறவர்களின் தோட்டங்களுக்கு நடுவே ஓடியது.

தமிழ் இங்கே வந்தேறி அல்ல. வந்து சேர்ந்தவர்களும் உண்டு. 1798 முதல் 1810 வரை ஆண்ட பலராம வர்மாவின் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர்கள் குடியேறிய தெருக்கள்தான் பாலராமபுரம் என்ற கைத்தறி ஊராயிற்று. பாறசாலை பொன்னம்மாள் கர்நாடக இசைக்கு இந்த மண் தந்த கொடை. பெண்கள் பாடியிராத திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் 2006இல் பாடி வழக்கத்தை உடைத்தவர் அவர்.

கோடு தேவைப்படும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீர் 2004இல் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது, கூப்பிடு தூரத்தில் இருக்கும் உறவினரைப் பார்க்கவும் பாஸ் தேவைப்பட்டது. அதே சமயம் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் சோதனைச் சாவடியில் காத்திருக்கும் லாரி வரிசை கதையாகிப்போனது.

இப்போது கிராமங்களை மாற்றுவது எல்லை அல்ல, நகரம். 1979இல் கன்னியாகுமரிப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியபோதே, சுமார் 30 கி.மீ. தள்ளியுள்ள தலைநகரம் தினமும் போய்வரும் தூரமாகிவிட்டது. பிறகு முக்கோலையிலிருந்து காரோடு வரை 16 கி.மீ. கான்கிரீட் நெடுஞ்சாலை வந்தது. 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்ட விழிஞ்சம் துறைமுகமும் இதே நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான். வாழையும் மரச்சீனியும் நின்ற விளைகள் சென்ட் கணக்கில் பிரிந்து வீட்டு மனைகளாகின்றன. 'விளை' என்று முடியும் ஊர்ப் பெயர்கள் மட்டும் பழைய விவசாயத்துக்குச் சாட்சி.

நகரம் வந்தால் மொழி என்னாகும்? சிறுபான்மைத் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்கிறது கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம். உரிமை காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் மனு எழுதத் தெரிந்த கை வேண்டுமே? பிள்ளைக்கு வேலை திருவனந்தபுரத்தில் என்றால் பெற்றோர் மலையாளத்தையோ ஆங்கிலத்தையோ தேர்ந்தெடுப்பதில் தவறு காண முடியாது. வீட்டில் தமிழ் பேசி, அதைப் படிக்கத் தெரியாத தலைமுறை இப்படித்தான் உருவாகிறது.

1956இன் கோட்டால் பிரிக்க முடியாத பேச்சு இது. வகுப்பறையில் அதற்கு ஒரு பெஞ்ச் கிடைக்கும்வரைதான் அது எழுத்தாகவும் வாழும்.