அப்டேட்ல 'பழைய ஃபைலா, புதுசா?'னு கேட்குதா... அவசரப்பட்டு என்டர் தட்டாதீங்க!

சின்னாளப்பட்டியில் ஒரு சுங்குடி சேலை கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில் போட ஒரு கம்ப்யூட்டர், குடோன் கணக்குக்கு இன்னொன்று. இரண்டும் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ள லினக்ஸில் ஓடும் ஒரு சர்வர். அந்த சர்வருக்கு அப்டேட் போடும்போது பாதியில் ஒரு கேள்வி வருகிறது: 'இந்த செட்டிங் ஃபைலை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். புதுசை வைக்கவா, பழசையே விடவா?'

தப்பா பதில் சொன்னா காலையில பில் கவுன்டர் ஓடாது. இல்லன்னா ஓடும், ஆனா பாதுகாப்புல ஓட்டை விழுந்திருக்கும்!

யாருக்கெல்லாம் இது வரும்?

டெபியன், உபுண்டு பயன்படுத்துபவர்களுக்கு வரும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களிலும் பாஸ் இருந்தது.

ஏன் கேட்கிறது?

நூல் விலைப்பட்டியலை நினைச்சுப் பாருங்க. பழைய பட்டியலில் பேனாவால் உங்கள் தள்ளுபடியைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். இப்போது புதுப் பட்டியல் வருகிறது. பழசைத் தூக்கிப் போட்டால் உங்கள் குறிப்பு போச்சு. பழசையே வைத்துக்கொண்டால் புது விலை தெரியாது.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் பார்க்கிறது. நீங்கள் ஃபைலைத் தொடவில்லை என்றால் புதுசைத் தானாக வைத்துவிடும். நிறுவனத்தின் ஃபைல் மாறவில்லை என்றால் உங்களுடையதை அப்படியே விட்டுவிடும். இரண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் கேள்வி வரும்.

பழசையே வச்சா என்ன ஆபத்து?

ஃபைல் பகிர உதவும் சாம்பா மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய 'வானாக்ரை' தாக்குதல், விண்டோஸில் எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகப் பரவியது. 2019-ல் வந்த சாம்பா 4.11, இந்த பழைய முறையை இயல்பாகவே நிறுத்திவிட்டது. ஆனால் பழைய எக்ஸ்பி மெஷினுக்காக எஸ்எம்பி1-ஐ அனுமதிக்கும் வரியை யாரோ எப்போதோ சேர்த்திருந்தால், பழைய ஃபைலோடு அந்த வரியும் தொடரும்.

சரி, என்ன பண்ணணும்?

• முதலில் பழைய ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்கள்.

• 'வித்தியாசத்தைக் காட்டு' என்பதைத் தேர்வு செய்யுங்கள். சில ஃபைல்களுக்கு 'டி' எழுத்தை அழுத்தணும். சிலவற்றுக்குப் பட்டியலாக வரும்.

• நீங்கள் சேர்த்த வரிகளில் இன்றும் தேவைப்படுவது எது என்று பாருங்கள். கடையின் பகிர்வு ஃபோல்டர் தேவை. எக்ஸ்பி மெஷினே இல்லை என்றால் அதற்கான வரி எதற்கு?

• புது ஃபைலில் தேவையான வரிகளை மட்டும் சேருங்கள்.

• சேவையை மறுபடி தொடங்கும் முன் சோதியுங்கள். சாம்பாவுக்கு 'டெஸ்ட்பார்ம்' என்ற கட்டளை இருக்கிறது.

கேள்வியே வரலையே?

நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஃபெடோராவில் 'ஆர்பிஎம்நியூ', ஆர்ச் லினக்ஸில் 'பேக்நியூ' என்ற பின்னொட்டோடு புது ஃபைல் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து உட்காரும். அப்டேட் முடிந்ததும் தேடிப் பார்ப்பது நல்லது.

இனி ஃபைலில் ஒரு வரி மாற்றினால், ஏன் மாற்றினோம் என்று பக்கத்திலேயே தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த அப்டேட்டில் பாதி வேலை மிச்சம்!